அச்சு முறிஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?

ஃபோர் பை ஃபோர் வீடியோ பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், நாங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று உடனே பிடிபடும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டிபெண்டரோ பழைய மிட்சுபிஷி ஜீப்போ றப்பர் தோட்டத்துச் சேற்றுக்குள் இறங்கும். சக்கரம் பாதி புதையும். நாலைந்து பேர் சுற்றி நின்று கத்துவார்கள். எஞ்சின் அலறும், வின்ச் கம்பி இறுகும், வண்டி ஒரே பாய்ச்சலில் மேலே வரும். கீழே நூறு இதயம், நூறு நெருப்பு. சில வீடியோவில் அப்படி நடக்காது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் நின்றுவிடும், ஓட்டினவர் தலையில் கை வைப்பார், மற்ற எல்லாரும் சிரிப்பார்கள். அந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த வண்டியைக் காட்டுவார்கள்.

அந்த 'டக்'குக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எந்த வீடியோவும் காட்டுவதில்லை. எங்களுக்கு அதுதான் பிரச்சினை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் காட்டுப்பாதை ஓட்டம் என்று பெருமையாகப் பேசப்படுவதில் பாதி, ஓட்டுகிற ஆட்களுடையது இல்லை. அச்சைக் கழற்றிப் பூட்டுகிற பாஸ்மாருடையது. அந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை, எழுதுவதில்லை, அதற்கு ஒழுங்காகக் காசு கொடுப்பதும் இல்லை. இப்படியே போனால் அந்த அறிவு இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும்.

நாங்கள் ஐந்து பேர். கலைப்பீடம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்தவர்கள், ஒருத்தனுக்கு மட்டும் வீடு ஒருகொடவத்தையில். எங்களில் யாரிடமும் ஜீப் இல்லை. பஸ் சீசன் டிக்கெட்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒருத்தனின் வீட்டுக்குப் பக்கத்துக் கராஜில் போய் நின்று வேடிக்கை பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. "கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கிரீஸ் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் கடைசியில் வரும்.

ஒருகொடவத்தையைத் தெரியாதவர்களுக்கு: பேஸ்லைன் வீதியால் வடக்கே வந்தால், வெல்லம்பிட்டிக்குத் திரும்புகிற பக்கம். 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தின் ஒரு கை இங்கேதான் வந்து இறங்குகிறது. துறைமுகம் பக்கம் என்பதால் எந்த நேரமும் கொள்கலன் லொறி. புழுதி, டீசல் மணம், ஹோர்ன் சத்தம். அழகான ஊர் என்று சொன்னால் ஊர்க்காரரே சிரிப்பார். ஆனால் லொறி இருக்கிற இடத்தில் லொறியைத் திருத்துகிறவர்களும் இருப்பார்கள். தகரக் கூரை, நடுவில் ஒரு குழி, ஒரு செயின் புளொக், சுவரில் எப்போதோ நின்றுபோன மணிக்கூடு. அவ்வளவுதான் கராஜ். சாமான் பஞ்சிகாவத்தையில் வாங்கி, இங்கே கொண்டுவந்து பூட்டுவார்கள்.

லொறி வேலை தினசரி வரும். ஜீப் வேலைக்கு மட்டும் ஒரு கிழமை இருக்கிறது, திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ மலையில் முறித்துக்கொண்டவர்கள் திங்கள் காலையில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். கராஜ் நானா அதைத் தூரத்தில் கண்டதுமே தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். குனிந்து கீழே பார்ப்பார், சக்கரத்தைக் கையால் ஒருமுறை ஆட்டுவார். பிறகுதான் பேச்சு.

கொஞ்சம் தொழில்நுட்பம் பேசாமல் இதைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குக் கீழே நடுவில் பானை மாதிரி ஒன்று தொங்கும். அதுதான் டிஃப். அதற்குள் கிரவுன் வீலும் பினியனும். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புத் தண்டு சக்கரத்துக்குப் போகும். இதுதான் ஹாஃப் ஷாஃப்ட். எஞ்சினுடைய பலம் முழுக்கக் கடைசியில் இந்தத் தண்டில்தான் வந்து முறுக்குகிறது. எவ்வளவு பலம்? பிந்திய காலத்து 300 டி.டி.ஐ டிபெண்டரை எடுங்கள். முதல் கியரில், லோ ரேஞ்சில் போட்டால், எஞ்சினின் முறுக்கு சக்கரத்துக்கு வரும்போது 40 மடங்குக்கு மேல் பெருகிவிடும். மெதுவாக ஏறினால் அது நாலு சக்கரத்துக்கும் பிரிந்து போகும், ஒன்றும் ஆகாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, காலை எடுக்காமல் அமத்திக்கொண்டே இருந்து, அது திடீரென்று ஒரு கல்லில் பட்டுப் பிடித்தால்? சுற்றுகிற வேகம் முழுக்க ஒரு நொடியில் ஒரே தண்டில் வந்து நிற்கும். 'டக்.' பழைய லாண்ட் ரோவர்களில் இந்தத் தண்டின் டிஃப் பக்க முனையில் 10 பல்லுத்தான். அந்தப் பல்லடியில்தான் அநேகமாகப் போகும். பிறகு வந்த வண்டிகளில் 24 பல்லாக மாற்றினார்கள். அதற்கென்று முறியாமல் இருக்கிறதா என்றால், நம்மவர்கள் அதுக்கும் பெரிய டயரைப் போட்டுவிடுவார்கள். டயர் பெரிதாகப் பெரிதாகத் தண்டுக்குப் பாரம் கூடும்.

நானா ஒருநாள் சொன்னது இது: "சேறு ஒடைக்கிறல்ல மகன். கால்தான் ஒடைக்கிது."

முறிந்த தண்டைக் கையில் எடுத்ததும் அவர் செய்கிற முதல் வேலையைப் பார்த்துத்தான் நாங்கள் அசந்துபோனோம். துணியால் துடைத்துவிட்டு, முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குப் பிடிப்பார். முகம் முழுக்க ஒரே மாதிரிப் பளபளப்பாக இருந்தால் அது இன்றைக்கு, ஒரே அடியில் போனது. ஒரு மூலை மட்டும் கறுத்து, மழமழவென்று, சிப்பி ஓட்டில் இருக்கிற மாதிரி வரிவரியாக இருந்தால் அது பழைய காயம். எப்போதோ மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு விழுந்து, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மிச்சமிருந்த இரும்பு பாரம் தாங்க முடியாமல் இன்றைக்குப் போயிருக்கிறது. பல்லு முறுகி, கயிறு திரித்த மாதிரி வளைந்திருந்தால் அது ஓட்டினவரின் கால். பொறியியல் பீடத்தில் இதை ஒரு பாடமாகவே படிப்பிக்கிறார்கள், உலோகக் களைப்பு என்று பெயர். நானா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்த இரும்பு முகத்தை அவர் வாசிக்கிறார். எங்களுக்கு வாசிப்பு என்று இதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. நாங்கள் பிரதிகளை வாசிக்கப் பழகுகிற ஆட்கள், வாசிப்பைக் கண்டால் தெரியும்.

முறிந்ததை ஒட்டலாமா என்று கேட்கிற ஆட்கள் வாராவாரம் வருவார்கள். வெல்டிங் அடிக்கலாம், ஒட்டும், ஆனால் நிற்காது. தண்டின் பலம் இரும்பில் மட்டும் இல்லை, அதைச் சூடாக்கிக் குளிரவைத்த பக்குவத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் போய்விடும். அடுத்த ஏற்றத்தில் அதுக்குப் பக்கத்திலேயே முறியும். புதுச் சாமான் கிடைக்காத நாளில் லேத்துக்காரரிடம் போய் ஈ.என். 24 இரும்பில் கடைந்து, பல்லு வெட்டி, பதம் போட்டு எடுப்பார்கள். அதுவும் ஒரு கலை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. பெற்றோல் கியூ.ஆர். கோட்டாவில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர் என்று எண்ணி ஊற்றின காலம் நினைவிருக்கும். தனியார் வாகனத்துக்கு இறக்குமதி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் இந்த நாட்டில் ஓடின ஒவ்வொரு பழைய வண்டியும் ஏதோ ஒரு கராஜில், ஏதோ ஒரு லேத்தில், யாரோ ஒருத்தருடைய மூளையால் ஓடினது. பொருளாதார நெருக்கடி பற்றி நாங்கள் பீடத்தில் எத்தனையோ கருத்தரங்குக்குப் போனோம். ஒன்றிலும் ஒரு பாஸை மேடைக்குக் கூப்பிட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

நடுவில் ஒரு சின்ன விலகல். கலைப்பீடத்துக் குணம், மன்னிக்கவும். புறநானூற்றில் 102ஆவது பாட்டு, ஔவையார் பாடியது, அதியமானுடைய மகன் பொகுட்டெழினியைப் பற்றி. அதில் உப்பு வணிகர்களுடைய மாட்டுவண்டி வருகிறது. மாடு இளசு, பாரம் கூட, பாதை பள்ளமும் மேடும், எங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று நினைத்து, அந்த உமணர்கள் வண்டிக்குக் கீழே ஒரு மேலதிக அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேம அச்சு என்று அதுக்குப் பெயர். அந்த அரசன் தன் ஆட்களுக்கு அந்தச் சேம அச்சு மாதிரி என்று புகழ்கிறார் ஔவையார். இதைப் பாடத்தில் உவமையணி என்று படித்துவிட்டுப் போய்விட்டோம். பிறகு ஒரு திங்கட்கிழமை, ஒரு டிபெண்டரின் பின்சீட்டுக்குக் கீழே பழைய சாரத்தில் சுற்றி வைத்திருந்த மேலதிக ஹாஃப் ஷாஃப்ட்டைக் கண்டபோது எங்களில் ஒருத்தி "சேம அச்சுடா!" என்று கத்திவிட்டாள். நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கினோம். "அப்ப அந்தக் காலத்துலேயும் ரோட்டு சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாயிரம் வருசப் பழைய பாட்டில் அச்சு முறிகிற பயமும் அதுக்குத் தயாராகப் போகிற புத்தியும் இருக்கிறது. இன்றைக்குத் தமிழில் வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சின் சி.சி.யும் விலையும் டச் ஸ்கிரீனும் எழுதுகிறார்கள். அச்சைக் காணோம்.

சரி, காட்டுக்குள் முறிந்தால் என்ன செய்வது? இங்கேதான் நல்ல ஓட்டுநரும் வீடியோ ஓட்டுநரும் பிரிகிறார்கள். லாண்ட் ரோவரின் பின் அச்சில் வண்டியின் பாரத்தை ஹாஃப் ஷாஃப்ட் தாங்குவதில்லை. சக்கரம் வேறு பெயாரிங்கில் நிற்கிறது, தண்டு சுற்றிவிடுகிற வேலையை மட்டும் செய்கிறது. அதனால் பின்னால் முறிந்தால் ஐந்து போல்ட்டைக் கழற்றித் தண்டை உருவிவிட்டு, நடு டிஃப் லொக்கைப் போட்டு, முன் சக்கர இழுவையில் மெதுவாக வீட்டுக்கு வந்துவிடலாம். உள்ளே மிஞ்சின துண்டைக் காந்தக் கம்பியால் எடுக்க வேண்டும், வராவிட்டால் டிஃபைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் அரை மணித்தியால வேலை, தெரிந்தவருக்கு. எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஜிம்னி மாதிரிச் சின்ன ஜீப்புகளின் பின் அச்சில் தண்டே பாரத்தையும் தாங்குகிறது. அங்கே முறிந்தால் சக்கரத்தின் நிலையே கேள்விக்குறி, அதை ஓட்டிக்கொண்டு வர நினைக்கவே கூடாது. தன் வண்டி இதில் எந்த வகை என்று தெரியாமலே மலையேறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் டயருக்கும் லைட்டுக்கும் செலவழித்தவர்கள். அவர்களுடைய சேம அச்சு ஒரு போன் நம்பர்தான். "நானா, இங்க மீமுறைக்குக் கிட்ட நிக்கிறோம், கொஞ்சம் வர ஏலுமா?"

நானா போவார். கோலயாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு வானில், சாமானோடு. (கோலயா சிங்களச் சொல், சீடன். பாஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுப்போனது. எங்கள் கராஜுகளில் வாசல் தாண்டினால் மூன்று நாலு பாஷை ஒன்றாகத்தான் நிற்கும்.) இருட்டில், அட்டைக்கடியில், சேற்றில் படுத்துப் பூட்டிக் கொடுப்பார். மற்ற நாள் இரவு அந்தப் பயணத்தின் வீடியோ வரும். அதில் அவர் கால் மட்டும் தெரியும், வண்டிக்குக் கீழே இருந்து வெளியே நீட்டிக்கொண்டு. வீடியோவுக்குக் கீழே வண்டிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருப்பார். டயர்க் கடைக்கும் சொல்லியிருப்பார்.

காசு விசயமும் அப்படித்தான். சாமானுக்குப் பில் கேட்காமல் கொடுக்கிறவர்கள் கூலிக்குப் பேரம் பேசுவார்கள். ஒரு தடவை எங்கள் முன்னாலேயே ஒருவர் "ரெண்டு மணித்தியால வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்டார். அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குப் பின்னால் முப்பது வருசம் இருக்கிறது என்று நானா சொல்லவில்லை. அவர் அப்படியெல்லாம் பேச மாட்டார். குறைத்துக்கொண்டார். நாங்கள் சொல்கிறோம்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: பணக்காரப் பொடியன்மாரின் விளையாட்டு, காட்டைக் கெடுக்கிறது, டீசலை எரிக்கிறது, இதையெல்லாம் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? நியாயமான கேள்வி. 2022 ஒக்டோபரில் யால தேசிய பூங்காவுக்குள் பெரிய வாகனங்கள் கண்டபடி பாய்ந்த வீடியோக்களைப் பார்த்து நாடே கொதித்தது. எங்களுக்கும் கோபம்தான். மிருகம் இருக்கிற காட்டில், ஓடை நடுவில், சக்கரம் சுற்றிக் காட்டுவது விளையாட்டும் இல்லை, வீரமும் இல்லை. அதை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

ஆனால் இரண்டு விசயம். ஒன்று, இந்த வண்டிகள் வந்தது விளையாட்டுக்கு இல்லை. லாண்ட் ரோவர் 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் விவசாயிக்கான வண்டியாகத்தான் வெளியே வந்தது. மிட்சுபிஷி ஜீப் 1953 முதல் 1998 வரை ஜப்பானில் செய்தார்கள். நம் ஊரில் அதன் எஞ்சின் பெயரை வைத்து 4டி.ஆர்.5 என்றே கூப்பிடுகிறோம், வண்டியின் பெயர் மறந்தே போய்விட்டது. தேயிலைத் தோட்டத்திலும் பாதை சரியில்லாத கிராமத்திலும் இவை இன்னும் பிழைப்புக்கு ஓடுகின்றன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில் இருந்து சந்தக்ஃபூவுக்கு 1950களின் லாண்ட் ரோவர்கள் ஆள் ஏற்றி ஓடி வந்தன. கம்பனி சாமான் செய்வதை நிறுத்தின பிறகும், உள்ளூர் லேத்தும் உள்ளூர் மிஸ்திரியும் சேர்ந்து காப்பாற்றின வண்டிகள். அங்கே முறிந்த அச்சைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அன்றைய வருமானம் முறிந்திருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2016 மே மாதம் களனி கங்கை ஏறினது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடி ஏறினது. அந்தப் புயலில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வீதி ஆறாகிப்போனால் கார் போகாது. வள்ளம், டிராக்டர், உயரமான லொறி, பிறகு இந்த ஜீப்புகள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டென்று நாம் பழிக்கிற அதே வண்டி அன்றைக்குச் சோற்றுப் பார்சலும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கும். வஞ்சகமில்லாமல் சொல்ல வேண்டும், அந்த ஓட்டுநர்களில் நல்லவர்கள் நிறையப் பேர்.

இங்கேயும் கதை அச்சில்தான் முடிகிறது. ஓடி ஓடிச் சூடான டிஃப், குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும். சுருங்கினால் வெளியே இருந்து எதையாவது உறிஞ்ச வேண்டும். அச்சின் மேலே மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் இருக்கும், பிரீதர் என்பார்கள். அது தண்ணிக்குக் கீழே இருந்தால் தண்ணியை உறிஞ்சும், சீல் தேய்ந்திருந்தால் அதாலும் உறிஞ்சும். பிறகு திறந்து பார்த்தால் கியர் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்த எண்ணெயோடு ஓடினால் பெயாரிங் துருப்பிடிக்கும், கிரவுன் வீல் தின்னும், நாலு மாதம் கழித்து வீதியில் நிற்கும். இதுக்கு மருந்து சில நூறு ரூபாய் ரப்பர் குழாய். துவாரத்தில் பூட்டி, எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். இதைத் தெரிந்த வண்டி வெள்ளத்தில் மூன்று நாள் வேலை செய்யும். தெரியாத வண்டி ஒரு நாள் செய்துவிட்டுத் தானே நிவாரணம் கேட்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு பாராட்டுச் சான்றிதழ்கள் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். அந்தக் கிழமை முழுக்க எங்கள் பக்கத்து கராஜ் வாசலில் வரிசையில் நின்ற வண்டிகளின் எண்ணெயை மாற்றி, பெயாரிங் கழுவி, மறுநாள் தண்ணிக்கு அனுப்பினவர்களுக்கு யாரும் ஒரு கடுதாசித் துண்டும் கொடுக்கவில்லை. அவர்களில் இரண்டு பேருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே தண்ணி.

கடுதாசி என்றதும்தான் முக்கியமான விசயம் வருகிறது. நானாவுக்குப் பிறகு யார்? அவருடைய மகனுக்கு இதில் விருப்பம் இல்லை. குறை சொல்ல முடியாது, அழுக்கு வேலை, நிச்சயமில்லாத வருமானம், கலியாணம் பேசும்போது "கராஜ்" என்றால் முகம் சுளிக்கிற சனம். கோலயாவுக்குக் கை நன்றாக ஓடுகிறது, ஆனால் அவன் கத்தார் போகப் பார்க்கிறான். போக வேண்டுமென்றால் தகைமைச் சான்றிதழ் வேண்டும். பகிடி என்னவென்றால், வாகனத் தொழில் படிப்பிக்கிற அரச நிறுவனம் ஒன்று, நைட்டா நடத்துகிற மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம், இதே ஒருகொடவத்தையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாமல் தொழிலிலேயே பழகினவர்களுக்கு, அவர்களின் முன் அனுபவத்தைச் சோதித்து தேசியத் தொழில் தகைமை வழங்குகிற முறையும் நாட்டில் இருக்கிறது. எங்கள் கராஜில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருத்தரும் இல்லை. அந்தப் படிவத்தை நிரப்ப உதவி செய்ய, கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு பின்னேரம். அந்தப் பின்னேரத்தை நாங்கள் ஒதுக்கியிருக்கிறோம். கோலயாவுடைய விண்ணப்பம் தயாராகிறது. அவன் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கத்தாருக்கே போகட்டும், அது அவனுடைய உரிமை. இங்கே நிற்க வேண்டுமென்றால் நிற்கத்தக்க கூலி இருக்க வேண்டும். அதை வண்டிக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

அவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தடவையாவது வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் கராஜில் நில்லுங்கள். குழிக்குள் இறங்கி உங்கள் அச்சை நீங்களே ஒருமுறை கழற்றுங்கள், நானா பக்கத்தில் இருப்பார். கழற்றிப் பார்த்தவன் பிறகு காலை அவ்வளவு பலமாக அமத்த மாட்டான், காட்டுக்கும் நல்லது, தண்டுக்கும் நல்லது. கூலிக்குப் பேரம் பேசாதீர்கள். வீடியோ போடும்போது அவர் விருப்பப்பட்டால் கராஜின் பெயரையும் போடுங்கள், முகத்தையும் காட்டுங்கள், காலை மட்டும் காட்டாதீர்கள்.

இனி அந்தப் பழைய கேள்வி, கிரீஸ் எதுக்கு. எங்கள் பீடத்தில் மீனவர் வழக்குச் சொல், உழவர் வழக்குச் சொல், கும்மிப் பாட்டு எல்லாம் சேகரிப்பார்கள். நல்ல வேலை, எங்களுக்கும் விருப்பம். ஆனால் நாட்டார் என்றால் வயலிலும் கடலிலும் மட்டும்தான் இருப்பார்களா? பேஸ்லைன் வீதியில் இருக்க மாட்டார்களா? நானா ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு "டிஃப் அழுவுது" என்கிறார். அது பினியன் பெயாரிங் தேய்ந்த சத்தம். அதே இடத்தில் வேறு சத்தம் வந்தால் "பல்லைக் கடிக்கிது". தண்டு முறியவில்லை, முறுகி மட்டும் இருக்கிறது என்றால் "வலிப்பு வந்தீக்கிது". இந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்கிற ஒரு முழு மருத்துவமே இதற்குள் இருக்கிறது, அதுவும் தமிழில், அதுவும் கொழும்புத் தமிழில். சோனகத் தமிழ், மலையகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் எல்லாம் கலந்த கராஜ்த் தமிழ்.

அதனால் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். போனில் நானாவின் குரலைப் பதிகிறோம், அவருடைய சம்மதத்தோடு. சொல், அதன் சத்தம், அதற்கான காரணம், அவர் செய்கிற திருத்தம், நாலையும் ஒரு கொப்பியில் எழுதுகிறோம். ஆறு கிழமையில் 60 சொல் வந்திருக்கிறது. சில சொற்கள் மற்ற ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறோம். ஸ்பிரிங் பட்டையின் தலைப் பட்டையை இங்கே "மெயின் லீஃப்" என்றுதான் சொல்கிறார்கள், மட்டக்களப்பில் அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று ஒரு லொறி டிரைவர் சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டார். உங்கள் ஊர்க் கராஜில் அதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஹட்டன், வவுனியா, கல்முனை, எங்கே என்றாலும் சரி. போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது.